சானல் கரையைச் சரலாகவே விடுங்கள்

கோதையாறு பாசனத்துச் சானல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஐயாமார்களுக்கும், கரையோர ஊராட்சிக்காரர்களுக்கும், பாசன சபைப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரன். வாரத்தில் ஆறு நாள் அலுவலக நாற்காலி, ஏழாவது நாள் விடியுமுன் சானல் கரையில் சைக்கிள். ரோடு போடச் சொல்லி உங்களுக்கு ஆயிரம் மனு வந்திருக்கும். ரோடு போடாதீர்கள், கரையைச் சரலாகவே, அதாவது சரளை மண்ணாகவே, விடுங்கள் என்று ஒன்றாவது வந்திருக்குமா? இது அந்த ரகம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முதலில் அந்தச் சைக்கிள் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போது 'கிராவல் பைக்' என்று ஒன்று வந்திருக்கிறது. பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி கைப்பிடி வளைந்திருக்கும். ஆனால் டயர் தடி, 40 மில்லிமீட்டர் அகலம். ரேஸ் சைக்கிளுக்கு அடிக்கிற காற்றில் பாதிகூட இதற்கு வேண்டாம். 35 பவுண்டு அடித்தால் போதும். டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்துச் சரல், செம்மண், வேர், புல் எல்லாவற்றின் மேலும் ஏறிப் போகும். இதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தார். விலை கேட்டார். பாதி விலை சொன்னேன். அதற்கே அவர் முகம் போன போக்கு! எழுந்து போய் மாட்டுத் தொழுத்துச் சாய்ப்பில் கிடந்த தன் பழைய ஹெர்குலிஸின் டயரைக் காட்டினார். அதில் எழுதியிருந்தது '28 x 1½'. ஒன்றரை இஞ்சு என்றால் 38 மில்லிமீட்டர். அந்தக் கம்பி பிரேக் சைக்கிளின் கேரியரில் இரண்டு ஏத்தன் வாழைக்குலையை வைத்துக் கட்டி, சானல் கரை வழியாகவே திங்கள்சந்தைக்குப் போய் வந்தவர் அவர். "இதத்தான் நாப்பது வருசம் சவுட்டினேன்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். இந்தச் சைக்கிள் டயருக்குள் டியூப் கிடையாது. பஞ்சர் ஆனால் தானே அடைத்துக்கொள்ள உள்ளே ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றுவார்கள். முதல் தடவை அந்தப் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறிய வாடை, சின்ன வயதில் குலசேகரத்தில் மாமா வீட்டு ரப்பர் விளையில் ஏறிய அதே வாடை. அம்மோனியா. பால் உறையாமல் இருக்க ஊற்றுவார்களே, அது. நான் வாங்கிய பாட்டிலில் இருந்தது ரப்பர் பால்தான். எந்த ஊர் மரத்துப் பால் என்று தெரியாது. எங்கெங்கோ சுற்றி, பாட்டிலில் அடைபட்டு, விலையேறித் திரும்பி வந்து என் டயருக்குள் கிடக்கிறது. பால்வெட்டுகிற அண்ணன் ஒருவரிடம் அந்த விலையையும் சொன்னேன். "ஒரு சிரட்டை பாலுக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி வெட்டப் போய்விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்து ரோடுகளில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். அரைக் கிலோமீட்டர் ஏற்றம், அரைக் கிலோமீட்டர் இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு ஏலா (வயல்வெளி), உடனே மறுபடி ஏற்றம். கால் செத்துப்போகும். சானல் கரையில் ஏறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏனென்றால் சானல் மேடு ஏறாது, பள்ளத்திலும் விழாது. மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து, தண்ணீர் தானாக நடக்கிற அளவுக்கு மட்டும் சரிந்து போகும். தண்ணீருக்கு மட்டம் பார்த்துக் கோடு போட்டவர்கள், தங்களுக்கே தெரியாமல் சைக்கிளுக்கும் போட்டுவிட்டார்கள். இந்தச் சானல்களுக்குத் தண்ணீர் விடுகிற பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கமாகிக் கிடக்கிறார். அதற்கெல்லாம் பல நூறு வருடம் முந்தியது பாண்டியன் கால் என்கிற சானல். பத்மநாபபுரம் புத்தனார், நாஞ்சில்நாடு புத்தனார், அனந்தனார், தோவாளை சானல், அந்தப் பக்கம் பட்டணங்கால் என்று நாங்கள் பெயர் சொல்லிப் பிரித்துப் பேசுகிற ஒவ்வொரு சானலுக்கும் கரை உண்டு. எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிதித்தாலும் தீராத கரை.

அதில் ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறேன். பூதப்பாண்டி தாண்டிப் போனால் இடது கைப்பக்கம் தாடகை மலை மல்லாந்து கிடக்கும். தலை எது, மூக்கு எது என்று ஊருக்கு ஊர் ஆள் மாற்றிச் சொல்வார்கள். கரையின் ஒரு பக்கம் சானல், நிறைந்து ஓடுகிறது, சத்தமே இல்லை. மறுபக்கம் பத்தடி கீழே வயல், கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லை அறுத்துவிட்டு, அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தொளி கலக்கிப் போட்டிருக்கிறார்கள். கரையோரம் தென்னை, தென்னைக்கு அப்புறம் வாழை. சைக்கிள் டயரின் கீழே சரல் 'கறகற' என்று மெல்லுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் முன்னால் போகிற ஆள் ஒதுங்குவார். பெல் அடிக்கத் தேவையில்லை. மடையடியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. வாத்து மேய்க்கிறவர் நானூறு ஐந்நூறு வாத்தைக் கரையில் ஓட்டிவந்தார். எல்லா வாத்தும் போய் முடிகிறவரை சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன். கடைசி வாத்து நொண்டி. அது போகிறவரைக்கும் அவரும் நின்றார்.

அங்கிருந்து ஆரல்வாய்மொழி போனால் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். நீங்கள் பெரிய வீரர் என்று நினைத்துக்கொள்வீர்கள். திரும்பி மேற்கே நாகர்கோவிலுக்கு வருகையில் உங்கள் யோக்கியதை தெரியும்.

சரல் ரோட்டைக் காப்பாற்றிய ஒரு இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இத்தாலியில் டஸ்கனி என்று ஒரு பகுதி. அங்கே கியாந்தி என்கிற மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமும் ஒலிவ மரமும். தோட்டங்களுக்கு நடுவே ஊரை ஊரோடு இணைக்கிற வெள்ளைச் சரல் ரோடுகள். 'ஸ்ட்ராதே பியாங்கே' என்றால் அவர்கள் மொழியில் வெள்ளைச் சாலைகள் என்றுதான் அர்த்தம். அங்கும் ஒவ்வொன்றாகத் தார் போட்டு மூடிக்கொண்டு வந்தார்கள். இந்த ரோடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் 1997-ல் காயோலே என்கிற சின்ன ஊரிலிருந்து பழைய சைக்கிள்களில், பழைய கம்பளிச் சட்டைகளில், ஒரு சவாரி தொடங்கினார்கள். 'லெரோய்க்கா' என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் 2007-ல் தொடங்கிய ஸ்ட்ராதே பியாங்கே பந்தயம். உலகத்தின் முதல்வரிசை வீரர்கள் வெள்ளைத் தூசியில் முகம் தெரியாமல் சியன்னா நகரத்துக்குள் வந்து சேர்வதை இன்றைக்கு நாம் போனில் பார்க்கிறோம். தூசி ரோடு அவர்களுக்குக் குறையாகத் தெரிந்திருந்தால் அந்தப் பந்தயம் கிடையாது.

நம்மிடம் திராட்சை இல்லை. அதற்குக் கம்பம் போக வேண்டும். நம்மிடம் இருப்பது ரப்பர், நல்லமிளகு, மாறாமலை கிராம்பு, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டி வாழை, சரல் கரை. இத்தாலியைக் காட்டி உங்களை மிரட்டவில்லை. பந்தயம் நடத்துங்கள் என்றும் கேட்கவில்லை. நடத்தினால் முதலில் ஒரு மேடை போட்டு, ஸ்பீக்கர் கட்டி, கரை முழுக்கத் தண்ணீர்ப் பாட்டில் எறிந்துவிட்டுப் போவோம், எனக்கு நம்மைத் தெரியும். சரல் ரோடு என்பது 'இன்னும் தார் போடாத ரோடு' மட்டும் அல்ல, அதுவே முழுசான ஒரு ரோடு என்று ஒத்துக்கொண்ட ஊர்கள் உண்டு என்று காட்டத்தான் சொன்னேன். சரல் என்று ஊருக்கே பெயர் வைத்த மாவட்டம் நம்முடையது. நமக்கு இது புரியாதா?

இனி நான் விழுந்த கதை. எந்த ஊர், யார் போட்ட வேலை என்று சொல்லப்போவதில்லை; அது பழி போடுகிற மாதிரி ஆகிவிடும், எனக்கு அது நோக்கமில்லை. ஒரு ஐப்பசி மாதம். முந்தின இரவு பெய்த மழை விட்டிருந்தது. நெடுந்தூரம் சரல் கரையில் நிம்மதியாக வந்துகொண்டிருந்தவன், காங்கிரீட் போட்ட ஒரு துண்டைப் பார்த்ததும் சந்தோஷமாக வேகம் எடுத்தேன். வழுவழுப்பாக, அழகாக, ஒரு விரிசல்கூடக் கண்ணில் படாமல் இருந்தது. நடுவில் ஒரு பலகை, அதாவது ஒரு காங்கிரீட் கட்டம், என் முன்சக்கரம் ஏறியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தேன். முட்டியும் முழங்கையும் தோலுரிந்து, ஹெல்மெட் ஒரு பக்கம் பிளந்தது. புல்லுக்கட்டோடு வந்த ஒரு பாட்டா (தாத்தா) கட்டை இறக்கி வைத்துவிட்டு, "எலும்பு ஒடஞ்சுதா மக்களே, கைய நீட்டு" என்று பிடித்து மடக்கிப் பார்த்தார். ஒடியவில்லை. கம்யூனிஸ்ட் பச்சை என்கிற செடியின் இலையைப் பறித்துக் கசக்கி முழங்கையில் பிழிந்தார். உயிர் போகிற எரிச்சல். அப்புறம் இரண்டு பேருமாகக் குனிந்து அந்தப் பலகையின் அடியில் பார்த்தோம். கீழே மண்ணே இல்லை. ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரிய பொந்து. சானல் தண்ணீர் அதற்குள் வந்து சுற்றிவிட்டு, வயல் பக்கம் ஒரு விரல் தடிமனுக்குக் கசிந்துகொண்டிருந்தது.

பாட்டா ஒருவரைப் போன் போட்டுக் கூப்பிட்டார். வந்தவர் அந்தப் பகுதியில் லஸ்கராக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். சானல் கரையை நடந்தே காத்த ஆட்கள் லஸ்கர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடம் ஒரே கரையில் நடந்தவர் அவர். பொந்தைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. நண்டு வளையோ எலி வளையோ முதலில் விரல் நுழைகிற அளவுக்குத்தான் இருக்கும், தண்ணீர் அதில் வழி கண்டுபிடித்துவிட்டால் மண்ணை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போகும் என்றார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "மண்ணுண்ணா சொல்லும் மக்களே. ஒரு எடம் நனைஞ்சு கெடக்கும், ஒரு எடம் கொஞ்சம் தாந்து கெடக்கும், ஒரு எடத்துல புல்லு மட்டும் பச்சையா நிக்கும். பாத்துட்டு ரெண்டு கூடை களிமண்ண வச்சு இடிச்சுட்டுப் போயிருவேன். இது என்ன சொல்லும்? ஒடையுற அன்னைக்குத்தான் சொல்லும்."

மழைக்காலத்தில் சானல் உடைந்து ஏலா முழுகியது என்று ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் கேட்கிறோம். எல்லா உடைப்புக்கும் காங்கிரீட்தான் காரணம் என்று சொல்ல நான் பொறியாளர் இல்லை. மண் கரையும் உடைகிறது. ஆனால் மண் கரையை நடக்கிற ஆள் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியும்; மூடிப்போட்ட கரையைப் பிடிக்க முடியாது. நடக்கிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள் என்பது வேறு. எங்களைப் போல வாரம் ஒருமுறை முப்பது கிலோமீட்டர் கரையைத் தரையோடு தரையாகப் பார்த்துக்கொண்டு போகிற பைத்தியங்கள் இருக்கிறோமே, எங்களிடம் கேட்டாலே எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே ஈரம் என்று சொல்லிவிடுவோம். டயருக்குக் கீழே மண் பொதுபொதுவென்று அமுங்கினால் கையில் தெரியும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோரச் சாயக்கடையில் (டீக்கடையில்) பெரிய மேதாவி மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் மனைவி கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டார். அவர் வீடு கரையை ஒட்டித்தான். "தம்பி, ஒங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு ரேசன் கடைக்குப் போற வழி. போன மழைக்கு மாமியாருக்கு மூச்சுமுட்டு வந்தப்போ ஆட்டோக்காரன் பாலத்துக்கிட்டயே நின்னுட்டான். நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்தோம். சரல் நல்லாருக்கும்னு சொல்றியளே, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பாருங்க."

நான் டீயைக் குடித்து முடிக்கவில்லை. வெள்ளைச் சாலைக் கதையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் இந்த மடலை முதலில் எழுத நினைத்த மாதிரி எழுதவில்லை. வீடு இருக்கிற துண்டுக்கு ரோடு போடுங்கள். பாலத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும், ஆம்புலன்ஸ் வந்து திரும்புகிற அகலத்துக்கு, அடியில் கரையை ஒழுங்காக இடித்துக் கெட்டியாக்கிவிட்டுப் போடுங்கள். யாரும் குறுக்கே நிற்க மாட்டோம். கடைசி வீட்டுக்கு அப்புறம் அடுத்த ஊரின் முதல் வீடு வரைக்கும் வெறும் வயலும் தோப்பும்தான். அந்தத் துண்டை விட்டுவிடுங்கள் என்பதுதான் கேட்பது. அந்தத் துண்டுக்கும் தார் போட்டால் என்ன நடக்கிறது என்று அந்தச் சாயக்கடை அக்காவே சொன்னார், என்னைவிடத் தெளிவாக. மெயின் ரோட்டில் நெருக்கடி என்று கண்டவன் எல்லாம் குறுக்கு வழியாகக் கரையில் இறங்குவான். முதலில் பைக், அப்புறம் கார், அப்புறம் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் ஒரு டிப்பர் ஒதுங்க இடமில்லாமல் கரை விளிம்பில் சக்கரத்தை வைத்தால், பிள்ளை தப்பித்தாலும் கரை தப்பிக்காது. "ரோடு எனக்கு வேணும், டிப்பருக்கு வேண்டாம்" என்றார். என் பக்கம் பக்கமான கோரிக்கையை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஆக, வீடு முடிகிற இடத்தில் இரண்டு குத்துக்கல் நட்டுவிடுங்கள். சைக்கிள் போகணும், புல்லுக்கட்டு சுமந்த ஆள் போகணும், பசு போகணும், லாரி போகக் கூடாது. டில்லரும் அறுப்பு மிஷினும் வயலுக்கு இறங்க வேண்டியிருக்கும், அந்த இடங்களில் கல்லுக்குப் பதில் ஒரு சங்கிலி போட்டுச் சாவியைப் பாசன சபையில் கொடுங்கள்.

சரலையும் சரலாக வைத்திருக்க வேலை உண்டு. சும்மா விட்டால் சரல் அல்ல, சகதி. மாசியில் தண்ணீர் அடைத்து, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் திறக்கிறவரை சானல் காய்ந்து கிடக்கும். தூர் வாருவது அப்போதுதான். வாரிய மண்ணைக் கரை மேலேயே குவித்துப் பரத்திவிட்டுப் போனால், முதல் மழைக்கு முட்டளவு சேறு; ஒரு வருடம் அந்த வழி யாருக்கும் உதவாது. வண்டல் மண் வயலுக்குப் போகட்டும், விவசாயி கேட்டு வாங்குவான். இன்னொரு பழக்கம், நாற்பது எம்.எம். மெட்டலை, அதாவது ஜல்லியை, லோடு லோடாகக் கொட்டி மட்டப்படுத்திவிட்டு 'சரல் போட்டாச்சு' என்று கணக்கு எழுதுவது. மெட்டல் தனியாகக் கிடந்தால் அதில் சைக்கிளும் போகாது, செருப்புப் போட்ட காலும் போகாது, மாட்டுக் குளம்பு பிளந்துபோகும். சின்னக் கல்லும் பொடியும் கொஞ்சம் களிமண்ணும் கலந்த சிவப்புச் சரலாக இருக்க வேண்டும். லேசாக நனைத்து ரோலர் ஓட்டி, மழைத்தண்ணீர் நடுவில் தேங்காதபடி ஒரு சரிவு கொடுத்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும். இதை நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். நான் விழுந்து படித்தேன்.

இப்படி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை இருப்பது நல்லதும்கூட. அரசாங்கத்தின் ஊரக வேலைத் திட்டத்துக்கு வருகிற அக்காமார் கரையில் புல் செதுக்கி, குழி நிரப்பி, கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். காங்கிரீட் போட்டால் அந்தக் காசு ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் போய்விடும். அது நல்லதா கெட்டதா என்பது ஊராட்சிக்காரர்கள் யோசிக்க வேண்டியது.

குளத்தங்கரைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது ஒரு வரி மட்டும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறின. அந்தப் பக்கத்துக் கரைகளில் விளக்குக் கம்பமும் பேவர் பிளாக்கும் வைத்து 'நடைபாதை' அமைக்கலாம் என்று யாருக்காவது யோசனை வந்தால், தயவுசெய்து மார்கழியில் ஒரு விடியற்காலை அங்கே போய் வாயைத் திறக்காமல் பத்து நிமிஷம் நின்றுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஆட்கள் பக்கமும் அழுக்கு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இறுக்கமான உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நான்கைந்து பேராக, பெண்கள் குளிக்கிற படித்துறை ஓரமாகச் 'சர்'ரென்று போனால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? ஒரு தடவை ஒரு பாட்டி சோப்புப் பெட்டியை எறிந்தார். என் மேல் படவில்லை, எனக்குப் பின்னால் வந்தவன் மேல் பட்டது, நியாயமாகத்தான் பட்டது. சிலருக்கு ஸ்ட்ராவா வியாதி உண்டு. ஸ்ட்ராவா என்பது சவாரியைப் பதிகிற ஒரு போன் செயலி. இந்தப் பாலத்திலிருந்து அந்த மடை வரைக்கும் யார் வேகமாகப் போனது என்று போனில் பட்டியல் வரும். அதில் முதலிடம் பிடிக்க, தலையில் சுமை வைத்து வருகிற ஆளை ஓரம்கட்டச் சொல்லிக் கத்தினவனை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவனோடு இப்போது மிதிப்பதில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்: படித்துறைக்கு ஐம்பதடி முன்னால் இறங்கி, தலையை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே தாண்டிப் போவது. பூ விற்கிறவர், பால் கொண்டு போகிறவர், பள்ளிப் பிள்ளை, ஆடு எது வந்தாலும் கரையில் அவர்களுக்குத்தான் முதல் வழி. குத்துக்கல் நட்டால் அதன் பக்கத்தில் இதையும் ஒரு பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். எழுதுகிற செலவை நாங்கள் தருகிறோம்.

பதில் கடிதம் எல்லாம் எதிர்பார்க்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். வருகிற பங்குனியில், சானல் காய்ந்து கிடக்கும்போது, உங்களில் யாராவது ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு வாருங்கள். ஜீப் வேண்டாம். அந்தச் சாயக்கடையில் தொடங்கி, நான் விழுந்த பலகை வரைக்கும் ஏழு கிலோமீட்டர், ஒரு ஏற்றம் கிடையாது. ஓய்வுபெற்ற லஸ்கர் அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவர் நடந்துதான் வருவார், நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவார். சைக்கிள் இல்லை என்றால் கவலைப்படாதீர்கள். அப்பாவின் ஹெர்குலிஸுக்குப் புது டயர் போட்டு வைத்திருக்கிறேன், அதே 28 x 1½. சீட் மட்டும் கொஞ்சம் கடினம், ஒரு துண்டு மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு சைக்கிள்காரன்